புயலுக்குப் பிறகு கண்மாயும் வயலும்: செட்டிநாட்டு உழவர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் முழுமையான வழிகாட்டி

புயல் என்றால் அது கடலோரத்தாரின் கவலை என்றே செட்டிநாட்டில் நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சிவகங்கை, திண்டுக்கல் வழியாக மேற்கே நகர்ந்தபோது அந்தப் பேச்சு மாறியது. சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களும் புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம், அரிமளம் பகுதிகளும் சேர்ந்த இந்த நிலப்பரப்பில் புயலின் சேதம் இரண்டு வகையாக வந்து சேர்கிறது. காற்று தென்னையையும் வாழையையும் தைல மரத்தையும் சாய்க்கிறது. மழை கண்மாயின், அதாவது பாசன ஏரியின், கரையை உடைக்கிறது. ஆனால் அதே மழைதான், மழையை மட்டுமே நம்பிய மானாவாரிக் கண்மாய்களுக்கு ஓர் ஆண்டின் தண்ணீரைக் கொண்டுவருவதும். ஆகவே இங்கே புயலுக்குப் பின் நடக்க வேண்டியவற்றுள் நிவாரணம் பாதிதான். வந்த தண்ணீரைக் கரைக்குள் நிறுத்துவது மற்றப் பாதி.

நிவாரணத் தொகை, சேதம் எங்கே நேர்ந்ததோ அங்கே தானாகப் போய்ச் சேர்வதில்லை. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் போய்ச் சேர்கிறது. நிலத்தின் உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, உழுபவர் ஊரில் இருக்கும் நிலை செட்டிநாட்டில் ஏராளம் என்பதால், இந்த வழிகாட்டி தாள் வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறது.

படி 1: எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

புயல் ஓய்ந்த மறுநாள் ஊரே ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் நிற்பதும், "எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்வதும் வழக்கமாக நடப்பவை. அவர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுப்பதும் நிவாரணம் வழங்குவதும் வருவாய்த் துறையின் வேலை. அதன் கடைசிக் கண்ணி கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. அவருக்கு மேல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று வரிசை போகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. எனவே வருவாய்த் துறைக்கும் ஊராட்சிக்கும் இடையே பந்து உருண்டுகொண்டே இருந்தால், இரண்டையும் ஒருசேரக் கேள்வி கேட்கக்கூடிய இடம் சிவகங்கை ஆட்சியர் அலுவலகம். திருமயம், அரிமளம் பக்கத்தவருக்குப் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகம்.

ஊராட்சியின் கையில் இருப்பவை வேறு: தெருவில் விழுந்த மரம், குடிநீர்த் தொட்டி, மோட்டார், தெருவிளக்கு, வடிகால், குளோரின் கலப்பு, ஊருணி, ஊராட்சிச் சாலை, தங்க வைக்கும் இடம், உணவு. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் காலத்தில் இவற்றுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரை அணுக வேண்டும். சிவகங்கை மாவட்டத்தின் 12 ஊராட்சி ஒன்றியங்களில் சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி, திருப்பத்தூர் ஆகியவை செட்டிநாட்டு ஊர்களை அதிகம் கொண்டவை. பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் போன்ற பேரூராட்சிகளில் செயல் அலுவலரும், 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியில் ஆணையரும் பொறுப்பு. பேரூராட்சி எல்லைக்குள்ளும் வயல் உண்டு. அந்த வயலின் பயிர்ச் சேதத்துக்குச் செயல் அலுவலரிடம் மனுக் கொடுத்துக் காத்திருப்பது வீண், அதற்கும் வி.ஏ.ஓ.தான்.

கண்மாய்களைப் பொறுத்தவரை ஒரு கோடு தெளிவாக இருக்கிறது. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (அதன் பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஊர்ப் பேச்சில் இன்றும் "பொதுப்பணிக் கண்மாய்". அதற்குக் கீழே உள்ளது ஒன்றியத்தின் பொறுப்பு, "யூனியன் கண்மாய்". உங்கள் ஊர்க் கண்மாய் எந்த வகை என்பதைக் கரை உடைந்த இரவில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன்பே அதற்குரிய உதவிப் பொறியாளரின் கைப்பேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

படி 2: முதல் நாள்: உயிர், மின்கம்பி, கரை

அவசர எண்கள் இவை: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, கால்நடை ஆம்புலன்ஸ் 1962. வயலில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும், மின்வாரிய ஆள் வந்து சொல்லும் வரை அந்த வயலில் மனிதரோ மாடோ இறங்கக் கூடாது. தங்க வைக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ போதும். பூட்டிக் கிடக்கும் பழைய செட்டிநாட்டுப் பெரிய வீடுகளான வளவு வீடுகள் விசாலமாக இருப்பதைப் பார்த்துச் சிலர் அவற்றைத் திறக்கச் சொல்வார்கள். பல ஆண்டுகள் ஓடு மாற்றாத கூரையின் கீழ், காற்று வீசும் இரவில், மக்களைப் படுக்க வைப்பது ஆபத்து.

இனிக் கரை. கண்மாய் நிறைந்து, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழியும்போது ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகும். உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பகுதியில், பயிர் வைத்திருப்பவர் கலுங்கை இன்னும் திறக்கச் சொல்வார், சில நேரம் இரவில் கரையையே வெட்டவும் துணிவார். ஆயக்கட்டுக்காரர் ஒரு சொட்டும் போகக் கூடாது என்பார். நீர் மட்டத்தை முடிவு செய்யும் அதிகாரம் கண்மாய்க்குப் பொறுப்பான பொறியாளருக்கு உண்டு; அவர் வரும் வரை ஊராட்சியும் வி.ஏ.ஓ.வும் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சியும் கரையில் நிற்க வேண்டும். கரையை வெட்டுவது குற்றம் என்பதைத் தண்டோராவிலோ ஒலிபெருக்கியிலோ சொல்லிவிடுவது நல்லது. உள்வாயில் பட்டா இல்லாத இடத்தில் வைத்த பயிருக்கு நிவாரணமும் கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை குறையும்.

கரையில் நான்கு இடங்களை மணிக்கொரு முறை பார்க்க வேண்டும்: வயலுக்குத் தண்ணீர் விடும் மடையை ஒட்டிய இடம், கலுங்குச் சுவர் கரையோடு சேரும் இடம், முன்பு உடைந்து அடைத்த இடம், எலிவளையும் பெரிய மர வேரும் உள்ள இடம். கரையின் வெளிப்புற அடியில் தண்ணீர் கசிந்தால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், உடனே ஆள் கூட்ட வேண்டும். கசிவு வெளிவரும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, அதற்குள் தண்ணீர் ஏறி நிற்க விட வேண்டும்; கசிவின் வாயில் மூட்டையைத் திணித்து அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடிக்கொள்ளும். சவுக்குக் கம்பு, சாக்கு, மணல் ஆகியவற்றை ஊராட்சி முன்கூட்டியே ஓரிடத்தில் சேர்த்து வைக்காவிட்டால், இந்த அறிவுரை எதுவும் அந்த இரவில் பயன்படாது.

படி 3: மூன்று நாளுக்குள் பயிர்க் காப்பீட்டுத் தகவல்

அரசு நிவாரணமும் பயிர்க் காப்பீடும் வெவ்வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைக்காமல் போகாது. ஒன்றுக்கு மனுக் கொடுத்ததால் மற்றதற்கும் கொடுத்ததாக ஆகாது.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கான இழப்பு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் போன்ற ஒரு பரப்பை அலகாகக் கொண்டு, அங்கே நடத்தும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி விளைச்சல் வரம்புக்குக் கீழே போனால், அந்த அலகில் காப்பீடு செய்த எல்லாருக்கும் இழப்பீடு வரும். வயலில் காய வைத்த கதிர் புயலிலோ புயல் மழையிலோ அழிந்தால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை, தனி வயலுக்கே இழப்பீடு கோரலாம். தனி வயல் அடிப்படையிலான வேறு சில இழப்புகளும் திட்டத்தில் உண்டு. இத்தகைய கோரிக்கைக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. 14447 என்ற எண்ணில் அழைத்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ எழுத்து மூலமும் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். உங்கள் பயிர் எந்த வகை இழப்பில் வரும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு தகவல் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அதை முடிவு செய்வது அவர்கள் வேலை, சொல்லி வைப்பது உங்கள் வேலை.

விளைச்சல் கணிசமாகக் குறையும் என்பது, வழக்கமான விளைச்சலில் பாதிக்கும் கீழே என்ற அளவுக்கு, பருவத்தின் நடுவிலேயே தெரிந்துவிட்டால், எதிர்பார்க்கப்படும் இழப்பீட்டில் 25 விழுக்காட்டை முன்கூட்டி வழங்கவும் திட்டத்தில் இடம் இருக்கிறது. இதைத் தனி உழவர் கேட்டுப் பெற முடியாது. அரசு அறிவிக்க வேண்டும். ஊராட்சிகள் கூட்டாகத் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் கொடுக்க வேண்டிய கோரிக்கை இது. ஆனால் பல ஊர்களில் இதைக் கேட்பதே இல்லை.

படி 4: சான்றுகளைச் சேர்ப்பது

தண்ணீரை வடிக்கும் முன், சாய்ந்த மரத்தை அறுக்கும் முன், இறந்த மாட்டைப் புதைக்கும் முன் படம் எடுங்கள். இடக்குறியீடும் தேதியும் படத்திலேயே பதியும் கைப்பேசிச் செயலிகள் உள்ளன. வயலின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, நடுவில் நின்று ஒன்று, பக்கத்தில் உள்ள மின்கம்பம், கிணறு, கோயில் போன்ற ஏதேனும் நிலையான அடையாளம் தெரியும்படி ஒன்று என எடுத்தால், "இது உங்கள் வயல்தானா" என்ற கேள்வி எழாது. மாடு, ஆடு இறந்திருந்தால் கால்நடை உதவி மருத்துவரின் சான்று இல்லாமல் நிவாரணம் நகராது. அவர் வருவதற்குள் புதைக்க நேர்ந்தால் படத்தோடு வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும்.

நிவாரணத்துக்கு வேண்டிய தாள்கள் அதிகம் இல்லை: சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்க் கணக்கு நகல்), நடப்புப் பசலிக்கான அடங்கல், ஆதார், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கின் முதல் பக்கம். பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நவம்பரில் புயல் வந்தால் அந்த ஜூலையில் தொடங்கிய பசலியின் அடங்கல்தான் வேண்டும், போன ஆண்டு நகல் பயன்படாது. சிக்கல் தாளின் எண்ணிக்கையில் இல்லை, அதில் உள்ள பெயரில் இருக்கிறது. செட்டிநாட்டில் நான்கு வகையான சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, உரிமையாளர் வெளியூரில், குத்தகைக்காரர் அல்லது வாரதாரர் (விளைச்சலில் பங்கு தந்து உழுபவர்) ஊரில். பணம் விதைத்தவருக்குச் சேர வேண்டும் என்பதே, பயிர் நிவாரணமாகத் தரப்படும் இடுபொருள் மானியத்தின் நோக்கம். அதற்கு அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் ஏற வேண்டும். வி.ஏ.ஓ. பயிராய்வுக்கு வரும் மாதத்தில் வயலில் நீங்கள் நின்று பெயரைப் பதியச் சொல்ல வேண்டும்; பின்னர் பயிர்க் காப்பீட்டுக்கான விதைப்புச் சான்று வாங்கும்போதும் அதே பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உரிமையாளரிடம் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கி வைத்தால் வேலை சுலபமாகும்: "மேற்படி புல எண்ணில் இப்பசலியில் சாகுபடி செய்பவர் இன்னார்; பயிர்ச் சேத நிவாரணத்தை அவர் கணக்கில் செலுத்த எனக்கு மறுப்பில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அடங்கலில் பெயர் ஏறினால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டம், 1969-ஆம் ஆண்டுச் சட்டம், இருக்கிறது. அந்தப் பதிவு வேறு, ஒரு பசலிக்குச் சாகுபடி விவரம் எழுதுவது வேறு. இதை வெளியூர் உரிமையாளருக்கு எடுத்துச் சொல்ல ஊர்ப் பெரியவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு, பத்து மனுவை விட நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரில் இருப்பது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்ற மாதங்கள் ஆகும். புயல் அதற்குக் காத்திருக்காது. தற்போதைக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று அல்லது அதற்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு மனுக் கொடுத்து, பெயரைப் பட்டியலில் சேர்த்து வைக்குமாறு கேளுங்கள். மூன்றாவது, கூட்டுப் பட்டா: அண்ணன் தம்பி ஐந்து பேர் பெயரும் ஒரே பட்டாவில் இருந்து ஒருவர் மட்டும் உழுதால், யார் எவ்வளவு பரப்பு என்று அடங்கலில் பிரித்து எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற நால்வரின் எழுத்து வேண்டும். நான்காவது, கோயில் நிலம். நடப்பு ஆண்டுக் குத்தகை ரசீது கையில் இருக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்கள் புயல் மாதத்தில்தான் ரசீதின் அருமையை உணர்கிறார்கள்.

ஊராட்சி இங்கே ஒரு நல்ல வேலை செய்யலாம். புயலுக்கு அடுத்த வாரம் ஒரு நாள், வி.ஏ.ஓ., உதவி வேளாண்மை அலுவலர், இ-சேவை மையத்தின் ஆள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் நால்வரையும் ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரு மேசையில் உட்கார வைத்தால், உழவர்கள் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் பேருந்து ஏற வேண்டியதில்லை. குறிப்பாகக் கணவர் பெயரில் பட்டா இருக்க வயல் வேலையை முழுக்கக் கவனிக்கும் பெண்கள், அலுவலகம் தேடி அலைவதை விட இங்கேயே தங்கள் பெயரைச் சாகுபடியாளராகப் பதியலாம்.

படி 5: கூட்டுக் கணக்கெடுப்பின்போது வயலில் நில்லுங்கள்

வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து வயலைப் பார்ப்பதற்குக் கூட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். தென்னை, வாழை, மிளகாய், காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறையினர் வருவார்கள். இழப்பு 33 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று அவர்கள் எழுதினால் மட்டுமே நிவாரணம். 30 என்று எழுதப்பட்ட வயலுக்கு ஒரு ரூபாயும் வராது. எனவே அந்த அரைமணி நேரம் வயலில் இருக்க வேண்டியது நீங்கள்தான், உங்கள் உறவினர் அல்ல.

செட்டிநாட்டில் புழுதியில் விதைத்த நெல், புயல் காலத்தில் பெரும்பாலும் தூர் கட்டும் நிலைக்கும் பூக்கும் நிலைக்கும் இடையே நிற்கும். முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் பயிரைப் பற்றி யாருக்கும் ஐயம் வராது. ஐயம் வருவது பச்சையாக நிமிர்ந்து நிற்கும் பயிரில். பூப்பூக்கும் நாட்களில் காற்றோடு மழை அடித்தால் மகரந்தம் கழுவப்பட்டு மணி பிடிக்காது. வெளியே பார்க்கச் செழிப்பாகவே இருக்கும், இருபது நாள் கழித்துக் கதிரை உருவினால் பதர்தான் கையில் வரும். முதல் வாரத்தில் வரும் குழு இந்த வயலைச் "சேதம் இல்லை" என்று கடந்துவிடும். அப்போதே "பயிர் பூக்கும் பருவத்தில் இருந்தது, மறு ஆய்வு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்கிவிட்டால், பின்னர் மறு ஆய்வு கேட்க ஆதாரம் இருக்கும். பதர் தெரிந்த பிறகு, வயலில் மூன்று இடங்களில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் வைத்து அதற்குள் உள்ள கதிர்களில் பத்தை உருவி, மணியையும் பதரையும் தனித்தனியே எண்ணிப் படம் எடுத்து வையுங்கள். பத்துக் கதிரில் 900 நெல் இருந்து அதில் 400 பதர் என்றால் 44 விழுக்காடு. அரசு முறை இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணோடு வரும் உழவரிடம் அலுவலர் பேசும் விதம் மாறும்.

தண்ணீர் வடியும் முன்பே கணக்கெடுப்பு முடிந்துவிட்ட வயல்களுக்கும் இதே மறு ஆய்வைக் கேட்க வேண்டும். கணக்கெடுப்புக்கு முன் வயலை உழுது மறு விதைப்புச் செய்ய வேண்டியிருந்தால், வி.ஏ.ஓ.விடம் சொல்லி, முடிந்தால் அவர் பார்த்த பிறகு ஏர் இறக்குங்கள்.

மனு சுருக்கமாக இருக்கட்டும். மாதிரி ஒன்று:

"காரைக்குடி வட்டம், ... வருவாய்க் கிராமம், புல எண் .../..., நஞ்சை 0.48.5 ஹெக்டேரில் நான் சாகுபடி செய்திருந்த நெற்பயிர், ... தேதி புயல் மழையில் ... கண்மாய்க் கரை உடைந்து நான்கு நாள் மூழ்கி அழுகிவிட்டது. கண்மாய்ப் பாசனத்தில் விளையும் நிலம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள் இணைத்துள்ளேன். கூட்டுக் கணக்கெடுப்பில் சேர்த்து நிவாரணம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"கண்மாய்ப் பாசனம்" என்ற சொல்லைத் தவறாமல் எழுதுங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 6: தொகை எவ்வளவு

பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த 2022-26 காலத்துக்கான அளவுகோலில், இடுபொருள் மானியம் ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இரண்டு ஹெக்டேர் வரை. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு பயிருக்கு இதே தொகைகளையும், பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100, குடிசைக்கு 10,000, உயிரிழப்புக்கு 5 லட்சம் என்றும் அறிவித்தது. ஒவ்வொரு புயலுக்கும் தனி அரசாணை வரும் என்பதால், அந்த அரசாணையின் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். செய்தித்தாள் தலைப்பு போதாது.

கணக்கு இப்படி. ஒரு ஏக்கர் 20 செண்டு நிலம் என்றால் ஏறத்தாழ 0.4856 ஹெக்டேர். 17,000 வீதம் சுமார் 8,255 ரூபாய் வரும்; மானாவாரி என்று எழுதப்பட்டால் அதில் பாதி. செட்டிநாட்டுக் கண்மாய்கள் மழையை நம்பியவை என்பதற்காக அவற்றின் ஆயக்கட்டு நெல்லையும் மானாவாரி என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு. கண்மாயின் பதிவு பெற்ற ஆயக்கட்டில் உள்ள நஞ்சைக்கு நீர் ஆதாரம் கண்மாய் என்று அடங்கலில் இருக்க வேண்டும். அதைக் காட்டி வாதிடலாம். நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் அறிவித்த நிவாரணத்தில் மானாவாரி நெல்லுக்கும் பாசன நெல்லுக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகையாக 20,000 தரப்பட்டது. புதிய அரசாணையில் இந்த வேறுபாடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய வரி.

தென்னைக்குக் கஜாவின்போது மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 வழங்கப்பட்டது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டு 1,92,500. மரம் எண்ணிக்கையில் கணக்காகும்போது, அகற்றும் முன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதிப் படம் எடுப்பது அவசியம். சிங்கம்புணரிப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். காரைக்குடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் பத்து மரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பயிர்க் கடன் வாங்கியிருந்தால் வேறொரு மனுவும் உண்டு. இழப்பு 33 விழுக்காட்டுக்கு மேல் என்று அரசு அறிவித்த பகுதியில், கடனை நீண்ட தவணையாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். கேட்காதவரின் கடன் வழக்கமான தேதியிலேயே தவணை தவறியதாகிவிடும்.

படி 7: பட்டியலைப் பார்வைக்கு வைக்கச் சொல்லுங்கள்

வழிமுறையில் அடிக்கடி கைவிடப்படும் படி இது. பயனாளிகள் பட்டியல் தயாரானதும் அதை ஊராட்சி அலுவலகத்திலும் வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் ஒட்டுமாறு கேட்க வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புயல் நவம்பர் நடுவிலோ டிசம்பரிலோ வந்தால் அடுத்த வழக்கமான சபை ஜனவரி 26-இல்தான். அதற்குள் பட்டியல் மேலே போய்விடும். எனவே சிறப்புக் கிராம சபையைக் கூட்டச் சொல்லி ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். சபையில் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்து, புல எண்ணோடு, விடுபட்டவர்களையும் உழாமலே சேர்க்கப்பட்டவர்களையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வாசிக்கும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். ஊர் ஒற்றுமை கெடும் என்று தடுப்பவர்களும் இருப்பார்கள். பின்னால் பட்டியல் வெளியே வந்து ஊர் இரண்டுபடுவதை விட இது மேல் என்பது என் கருத்து.

விடுபட்டவர் முதலில் வட்டாட்சியரிடமும், பிறகு தேவகோட்டைக் கோட்டாட்சியர் போன்ற கோட்ட அலுவலரிடமும் மனுக் கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளும் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளும் நடக்கின்றன. பயிர்ச் சேதத்துக்குப் பின்னதே பொருத்தம், எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, "எனது புல எண்ணுக்குக் கூட்டுக் கணக்கெடுப்பில் எழுதப்பட்ட சேத விழுக்காட்டின் நகல்" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் பொதுவான மழுப்பல் பதில் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

படி 8: பயிரையும் கரையையும் மீட்பது

படமும் பதிவும் முடிந்தவுடன் தண்ணீரை வடியுங்கள். தப்பிப் பிழைத்த நெல்லுக்கு, தண்ணீர் வடிந்த பின், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடச் சொல்வது வேளாண்மைத் துறையின் வழக்கமான பரிந்துரை. வயலில் நீர் நிற்கும்போதே இட்டால் உரம் வடிகாலோடு போய்விடும்.

கண்மாய் உடைப்பை நவம்பரில் அடைப்பது தற்காலிக அடைப்புதான். மண் மூட்டையும் கம்பும் வைத்த இடம் அடுத்த ஆண்டு அதே இடத்தில் வாய் திறக்கும். நிரந்தரச் சீரமைப்புக்கு மதிப்பீடு தயாராக வேண்டும், நிர்வாக ஒப்புதல் வேண்டும், ஒப்பந்தப்புள்ளி வேண்டும். கோடையில் மண் வேலை முடிந்தால்தான் கரை ஒரு மழைக்கு முன் இறுகும். ஆகவே உடைப்பின் நீளம், ஆழம், மூழ்கிய ஆயக்கட்டுப் பரப்பு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மணல் மூடிய இடங்கள் ஆகியவற்றைத் தண்ணீர் வற்றும் முன் அளந்து, படத்தோடு ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக்கி உதவிப் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கலுங்கிலும் கரையிலும் வேர்விட்ட சீமைக் கருவேலத்தை எடுக்கும் வேலையையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம். விழுந்த மரங்களைப் புறம்போக்கிலிருந்து எடுப்பதற்கு மட்டும் முறையான ஏலமோ அனுமதியோ வேண்டும், தனி ஆள் அறுத்துச் செல்ல முடியாது.

மே, ஜூன் மாதங்களில் வட்ட அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை, நடக்கும். பட்டா மாற்றம், அடங்கலில் சாகுபடியாளர் பெயர், ஆயக்கட்டு நிலத்துக்குக் கண்மாய் நீர் ஆதாரம் என்ற பதிவு ஆகியவற்றில் உள்ள பிழைகளுக்கு அங்கே மனுக் கொடுங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யும் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15-ஐ ஒட்டி அறிவிக்கப்படுகிறது. உழவரின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. ஜமாபந்தியில் பெயர் திருந்தியிருந்தால் அக்டோபரிலேயே விதைப்புச் சான்று வாங்கிப் பதிவு செய்துவிடலாம், கடைசி வாரத்துக் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்காது.